ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு எத்தனையாவது இடம்?

1961-62 சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு பிராட்மேனின் 99.94 எப்படியோ, அமெரிக்கக் கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களும் அப்படி. மூன்றிலும் இரட்டை இலக்கம் வந்தால் அதற்கு டிரிபிள் டபுள் என்று பெயர். (அந்தப் பெயரே 1980-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ராபர்ட்சன் ஆடியபோது யாரும் இதை ஒரு சாதனையாக எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்த வருஷம் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பில் ரஸ்ஸலுக்குப் போனது. வில்ட் சேம்பர்லின் இரண்டாவது, ராபர்ட்சன் மூன்றாவது.) ஒரு முழு சீசனுக்கு இப்படிச் சராசரி வைத்திருப்பதை அடுத்த 55 வருஷம் யாரும் தொடவில்லை.

2016-17-ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் தொட்டார்: 31.6, 10.7, 10.4. அதோடு நிற்காமல் இன்னும் மூன்று சீசன்களில் அதையே செய்தார். 2021 மே மாதம் ராபர்ட்சனின் வாழ்நாள் கணக்கான 181 டிரிபிள் டபுள்களையும் தாண்டினார். 2024-25-ல் நிகோலா யோகிச்சும் செய்துவிட்டார், அவர் பாயின்ட் கார்டே இல்லை, சென்டர். விளைவு என்னன்னா, "சரித்திரத்தின் சிறந்த பாயின்ட் கார்ட் யார்" என்று எங்கே வரிசை போட்டாலும் ராபர்ட்சன் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வருகிறார். மேஜிக் ஜான்சன் முதலிடம், அடுத்து ஸ்டெஃபன் கரி, அப்புறம் ஸ்டாக்டனா ஐசயா தாமஸா என்று ஒரு சண்டை, அதற்குப் பிறகு "பழைய ஆள், மரியாதைக்கு" என்று ராபர்ட்சன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் வரிசையில் அவர்தான் முதல். ஆனால் அந்த மூன்று எண்களுக்காக இல்லை.

பாயின்ட் கார்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஐந்து பேர் ஆடும் அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர். வழக்கமாக அணியிலேயே குள்ளமானவர். கல்யாண வீட்டில் பந்தியை நடத்துகிறவர் மாதிரி. தான் சாப்பிடுவது இரண்டாம்பட்சம், யார் இலையில் என்ன இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1961-62-ல் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாகச் சுமார் 108 முறை கூடையை நோக்கி எறிந்தது. உள்ளே போனது 42.6 சதவீதம். அதாவது ஒரு அணி 62 முறை தவறவிட்டது, இரண்டு அணிக்கும் சேர்த்து 124. தவறிய பந்து ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குக் கிடைக்கப்போகும் ரீபவுண்ட். 2016-17-ல் ஒரு அணிக்குச் சுமார் 85 ஷாட், 45.7 சதவீதம் உள்ளே. தவறியது இரண்டு அணிக்கும் சேர்த்து 93 பக்கம். (ஃப்ரீ த்ரோக்களை விட்டுவிட்டேன். சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.) இன்னொன்று, ராபர்ட்சன் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 44.3 நிமிடம் களத்தில் இருந்தார், மொத்தமே 48 நிமிடம்தான். வெஸ்ட்புரூக் 34.6 நிமிடம்.

இந்த இரண்டையும் வைத்து ராபர்ட்சனை வெஸ்ட்புரூக்கின் காலத்துக்கு மாற்றினால் 12.5 ரீபவுண்ட் 7 சொச்சம் ஆகிவிடுகிறது. லீக்கில் ஒரு அணி எடுத்த சராசரிப் புள்ளிகளை வைத்து மாற்றினால் 30.8 புள்ளி சுமார் 21 ஆகிறது. அசிஸ்ட் எட்டரை. 21, 7, 8. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் புராணம் இல்லை. நிமிடங்களைக் குறைத்தது நியாயமா, அவர் நிஜமாகவே 44 நிமிடம் ஓடினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருந்தாலும் ராபர்ட்சனை இறக்குகிறவர்கள் வைக்கும் வாதம் இதுதான், இதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் இதே கணக்கை இன்னொரு இடத்தில் போட்டால் தலைகீழாகிவிடுகிறது. அந்த சீசனில் ராபர்ட்சன் எறிந்ததில் உள்ளே போனது 47.8 சதவீதம். லீக் சராசரி 42.6. அதாவது ஊர் சராசரியைவிட 5 புள்ளி மேலே. 2016-17-ல் வெஸ்ட்புரூக் 42.5 சதவீதம், லீக் சராசரி 45.7. அவர் 3 புள்ளி கீழே. ஒருவர் தன் காலத்தின் சராசரியைவிடச் சரியாக எறிந்துகொண்டே அந்த எண்களை எடுத்தார், இன்னொருவர் நிறைய எறிந்து எடுத்தார். டிரிபிள் டபுள் என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் ஒட்டிவிட்டதால் இந்த வித்தியாசம் மறைந்துபோனது. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம், எல்லாம் கூட்டத்துக்கு நடுவே போய்ப் போட வேண்டியவை, 196 செ.மீ. உயரமுள்ள ஒரு கார்ட் அதைச் செய்தார். வெஸ்ட்புரூக்கைக் குறை சொல்வது என் நோக்கமில்லை, அந்த வருஷம் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட உழைப்பு என்று தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அசிஸ்ட் என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. புள்ளி என்பது பந்து வளையத்துக்குள் போனதா இல்லையா என்பது, அதில் கருத்து கிடையாது. அசிஸ்ட் அப்படி இல்லை. பந்தைக் கொடுத்தவரால்தான் அந்தக் கூடை விழுந்தது என்று ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் நினைத்தால் அசிஸ்ட், நினைக்காவிட்டால் இல்லை. அந்தக் காலத்தில் பந்தை வாங்கியவர் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போட்டால்கூடச் சேர்க்க மாட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. கிழவர்கள் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியவில்லை: 1961-62-ல் விழுந்த கூடைகளில் சுமார் 52 சதவீதத்துக்குத்தான் அசிஸ்ட் எழுதப்பட்டது, 2016-17-ல் 58 சதவீதத்துக்கு.

போதாததற்கு, சில கட்டங்கள் அட்டவணையில் இருந்ததே இல்லை. பந்தைப் பறிப்பதை, அதாவது ஸ்டீலை, லீக் எண்ண ஆரம்பித்தது 1973-74-ல். பந்தைத் தொலைப்பதை எண்ண ஆரம்பித்தது 1977-78-ல். மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80-ல். ஒரு பாயின்ட் கார்டின் வேலையில் பாதி, பந்தைத் தொலைக்காமல் இருப்பது. பாப் கூசியும் ராபர்ட்சனும் எத்தனை தடவை தொலைத்தார்கள் என்ற கணக்கே கிடையாது. டேட்டாபேஸில் நல் என்று இருப்பதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூசிக்கு வருவோம், ஏன்னா இந்தப் பதவியே அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1950-ல் சிகாகோ ஸ்டாக்ஸ் அணி மூடப்பட்டபோது அங்கே மிச்சமிருந்த மூன்று பேரின் பெயரை ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். நியூயார்க், பிலடெல்ஃபியா, பாஸ்டன் மூன்றுமே விரும்பியது மேக்ஸ் ஸாஸ்லாஃப்ஸ்கியை. பாஸ்டன் கையில் வந்தது கூசி. அப்போது ஆட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே உதாரணம் போதும்: அதே 1950 நவம்பர் 22-ல் ஃபோர்ட் வெய்ன், மினியாபொலிஸ் அணியை 19-18 என்று ஜெயித்தது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம், எதிரணிக்கு ஃபவுல் செய்வதைத் தவிர வழியில்லை. 1953-ல் சிரக்யூஸுக்கு எதிராக நான்கு கூடுதல் நேரம் போன பிளேஆஃப் ஆட்டத்தில் கூசி 50 புள்ளி எடுத்தார், அதில் 30 ஃப்ரீ த்ரோ.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தது சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன். நல்ல ஆட்டம் என்று தனக்குப் பட்டவற்றில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கின்றன, ஆட்டம் 2880 விநாடி, வகுத்தால் 24. அவ்வளவுதான் கணக்கு. 1954-55-லிருந்து 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அணிகளின் சராசரி ஒரே வருஷத்தில் 79.5-லிருந்து 93.1-க்குப் போனது. வேகமாக ஓடி, பார்க்காத பக்கம் பந்தைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் தட்டிக் கையை மாற்றும் கூசியின் ஆட்டம் அதுவரை வித்தை, அதற்குப் பிறகு அதுவே தேவை. தொடர்ந்து 8 வருஷம் அசிஸ்ட்டில் முதலிடம், 1957-ல் சிறந்த ஆட்டக்காரர் விருது, 6 சாம்பியன்ஷிப்.

அப்போ கூசியை ஏன் மேலே வைக்கவில்லை? ஒரு சிஸ்டத்தில் ஒரு மாட்யூல் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமென்றால் அதை கமென்ட் பண்ணிவிட்டு ஓட்டிப் பார்ப்போம் இல்லையா? ஆட்டக்காரர்களையும் அப்படிப் பார்க்கலாம்: அணிக்கு வந்தபோது என்ன நடந்தது, போனபோது என்ன நடந்தது. கூசியின் கடைசி சீசனான 1962-63-ல் பாஸ்டன் 58 வெற்றி, 22 தோல்வி. அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில் 59 வெற்றி, 21 தோல்வி. ரஸ்ஸல் வருவதற்கு முன் கூசியால் ஒரு கோப்பைகூட வாங்க முடியவில்லை. கூசி போன பிறகு ரஸ்ஸல் இன்னும் ஐந்து வாங்கினார். எறிவதிலும் கூசி சுமார்தான், வாழ்நாள் 37.5 சதவீதம். அவருடைய காலத்தில் லீக்கே 38 பக்கம் என்பதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது அநியாயம், ஆனாலும் அவர் சராசரிக்கு மேலே இல்லை. வழி வெட்டியவர் என்ற மரியாதை முழுக்க உண்டு. வரிசையில் எட்டாவதோ ஒன்பதாவதோ.

இந்தச் சோதனையை மற்றவர்களுக்கும் போடலாம். 2003-04-ல் ஃபீனிக்ஸ் 29 ஆட்டம் ஜெயித்தது, ஸ்டீவ் நாஷ் வந்தார், 62. 2000-01-ல் நியூ ஜெர்சி 26, ஜேசன் கிட் வந்தார், 52, நேராக ஃபைனல்ஸ். 1990-91-ல் லேக்கர்ஸ் 58, மேஜிக் ஜான்சன் எச்.ஐ.வி. தொற்றைச் சொல்லி 1991 நவம்பரில் விலகினார், அந்த சீசன் 43. 1997-98-ல் ஜான் ஸ்டாக்டன் முதல் 18 ஆட்டம் ஆடவில்லை, யூட்டா அதில் 11 வென்றது. அவர் வந்த பிறகு 64-ல் 51. சின்சினாட்டி 1959-60-ல் 19, ராபர்ட்சன் வந்ததும் 33, அடுத்த வருஷம் 43. சுத்தமான சோதனை எதுவும் இல்லை, ஒரே நேரத்தில் நாலு விஷயம் மாறுகிறது. நாஷ் வந்த அதே வருஷம்தான் கையால் தடுப்பதை நடுவர்கள் கடுமையாக ஃபவுல் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள், அவர் மாதிரி ஆட்டக்காரருக்கு அது வரம்.

ஆனால் இருப்பதிலேயே நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, அதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதன் பெயர் கரீம் அப்துல் ஜப்பார்.

கரீம் 20 சீசன் ஆடினார், 6 முறை சிறந்த ஆட்டக்காரர் விருது, 6 சாம்பியன்ஷிப். அந்த ஆறில் ஒன்று, 1971, மில்வாக்கியில் ராபர்ட்சன் கூட இருந்தபோது. (அப்போது கரீம் இன்னும் லூ ஆல்சின்டர்.) மீதி ஐந்தும் லாஸ் ஏஞ்சலஸில் மேஜிக் கூட இருந்தபோது. ராபர்ட்சன் 1974-ல் ஓய்வு பெற்றார், மேஜிக் 1979-ல் வந்தார். நடுவில் ஐந்து சீசன். கரீமுக்கு 27-லிருந்து 32 வயது, உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது, உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கோப்பைகூட இல்லை. 1974-75-ல் மில்வாக்கி 59 வெற்றியிலிருந்து 38-க்கு இறங்கி பிளேஆஃபுக்கே போகவில்லை (கரீம் கை உடைந்து கொஞ்ச நாள் வெளியே இருந்தார், அதையும் சேர்த்துத்தான்). பாயின்ட் கார்ட் என்ற பதவி எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, அப்போ ராபர்ட்சனுக்கும் மேஜிக்குக்கும் நடுவில்தான் போட்டி. மேஜிக்குக்கு 5, ராபர்ட்சனுக்கு 1. சாம்பியன் அணிக்கு மோதிரம் போடுவது அங்கே வழக்கம், அதனால் "எத்தனை மோதிரம்" என்று கேட்டுவிட்டால் விவாதம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேஜிக் விரலில் அந்த மோதிரங்கள் எப்படி வந்தன, ராபர்ட்சன் விரலில் ஏன் வரவில்லை என்று பார்த்தால் முடியாது.

மேஜிக்கை லேக்கர்ஸ் எப்படிப் பிடித்தது? 1976-ல் அவர்களின் கார்ட் கெயில் குட்ரிச் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். இப்படி ஒருவரை எடுத்தால் விட்ட அணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அப்போதைய விதி. நியூ ஆர்லியன்ஸ் கொடுத்த இழப்பீட்டில் 1979-ன் முதல் சுற்றுத் தேர்வும் ஒன்று. அந்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் கடைசியில் வந்தது. முதல் தேர்வு யாருக்கு என்று லேக்கர்ஸுக்கும் சிகாகோவுக்கும் காசு சுண்டினார்கள். சிகாகோ தலை கேட்டது, பூ விழுந்தது. அப்படித்தான் 206 செ.மீ. உயரமுள்ள ஒரு பாயின்ட் கார்ட் நேராகக் கரீம் இருந்த அணிக்குப் போனார். முதல் வருஷமே, 1980 மே 16, ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், கரீம் கணுக்கால் பிசகி ஊரிலேயே இருக்க, 20 வயசுப் பையன் அவருடைய சென்டர் இடத்தில் ஆரம்பித்து 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். அந்த ஆட்டத்தை சிபிஎஸ் நேரடியாக ஒளிபரப்பாமல் இரவு தாமதமாகப் போட்டது, லீக்கின் நிலைமை அப்போது அப்படி. மேஜிக்கின் திறமையைக் காசு தீர்மானிக்கவில்லை. ஆனால் பூவுக்குப் பதில் தலை விழுந்திருந்தால் சிகாகோவில் அவருக்கு ஐந்து மோதிரம் வந்திருக்குமா?

ராபர்ட்சன் பக்கம் காசுகூடச் சுண்டவில்லை. அவர் இண்டியானாபொலிஸில் வளர்ந்தவர். கறுப்பர்களுக்கென்றே கட்டப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி அவர் ஆடியபோது 1955-ல் மாநில சாம்பியன் ஆனது. மற்ற பள்ளிகள் ஜெயித்தால் நகரத்தின் நடுச் சதுக்கத்தில் கொண்டாட்டம் நடக்கும். இவர்கள் வண்டியை அங்கே ஒரு சுற்று சுற்றவிட்டு, கறுப்பர்கள் வாழும் பகுதிப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வலியைப் பற்றி ராபர்ட்சன் பிற்காலத்திலும் பேசியிருக்கிறார். கல்லூரி சின்சினாட்டியில். அப்போது லீக்கில் வட்டார உரிமை என்று ஒரு விதி: பக்கத்தில் இருக்கும் கல்லூரி ஆட்டக்காரரை உள்ளூர் அணி மற்றவர்களுக்கு முன்னால் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்தது, 19 ஆட்டம் ஜெயித்திருந்த சின்சினாட்டி ராயல்ஸ். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர்மீதான உரிமை அணியிடமே இருக்கும் என்பது இன்னொரு விதி. ஆக, பத்து வருஷம். அதில் பெரும்பாலான வருஷங்கள் கிழக்கே ரஸ்ஸலின் பாஸ்டன். 1963-ல் பிரிவு இறுதி ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். ராபர்ட்சன் 43 புள்ளி எடுத்தார், பாஸ்டனின் சாம் ஜோன்ஸ் 47 எடுத்தார், 142-131.

1969-ல் ராயல்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர் வேறு யாருமில்லை, பாப் கூசி. 41 வயதில் தானே உடுப்பை மாட்டிக்கொண்டு 7 ஆட்டம் ஆடியும் பார்த்தார். அவருக்கு வேகமாக ஓடும் அணி வேண்டும், பந்தைக் கையில் வைத்து நிதானமாக ஆட்டத்தைப் பின்னும் ராபர்ட்சன் வேண்டாம். முதலில் பால்டிமோருக்கு மாற்றப் பார்த்தார்கள். தன் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று ராபர்ட்சன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வாங்கி வைத்திருந்தார், மாட்டேன் என்றார். 1970 ஏப்ரலில் மில்வாக்கிக்குச் சம்மதித்தார். அடுத்த வருஷம் மில்வாக்கி 66 ஆட்டம் ஜெயித்தது. ஃபைனல்ஸில் நாலுக்கு பூஜ்ஜியம் என்று அவர்கள் துடைத்துப்போட்டது பால்டிமோரை!

அதே 1970 ஏப்ரலில்தான் ராபர்ட்சன் லீக்மீது வழக்கும் போட்டார். ஆட்டக்காரர்கள் சங்கத்தை 1954-ல் ஆரம்பித்தது கூசி, 1960-களின் நடுவிலிருந்து அதன் தலைவர் ராபர்ட்சன். என்பிஏவும் போட்டி லீக்கான ஏபிஏவும் இணையப் பார்த்தன. இணைந்துவிட்டால் ஆட்டக்காரருக்குப் பேரம் பேச இன்னொரு வாசல் இருக்காது. வட்டார உரிமையில் எடுக்கப்பட்டு, ஒப்பந்தத்தால் கட்டப்பட்டு பத்து வருஷம் ஓரிடத்தில் இருந்த மனிதர் அந்த இணைப்பை நீதிமன்றத்தில் நிறுத்திவைத்தார். ஆறு வருஷம் இழுத்தது. 1976-ல் சமரசம்: ஒப்பந்தம் முடிந்தவரை அணி அப்படியே கட்டி வைத்திருக்க முடியாது, இழப்பீட்டு முறை படிப்படியாகப் போக வேண்டும். அதன் பிறகுதான் ஏபிஏவின் நான்கு அணிகள் உள்ளே வந்தன. முழுச் சுதந்திரத்தோடு அணி மாறிய முதல் ஆட்டக்காரர் டாம் சேம்பர்ஸ், 1988-ல். சமரசம் வந்தபோது ராபர்ட்சன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவருக்கு அதனால் ஒரு அணி மாற்றம்கூடக் கிடைக்கவில்லை.

வழக்கு போட்டதற்காக அவருக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. களத்து வரிசையில் களத்தில் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்வது வேறு: மோதிரம் இல்லை என்று அவருக்கு மதிப்பெண் குறைப்பவர்கள், எந்த விதியை உடைக்க அவர் ஆறு வருஷம் நீதிமன்றத்தில் நின்றாரோ அதே விதி செய்த வேலைக்கு அவரையே தண்டிக்கிறார்கள். மோதிரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். மேஜிக் வாழ்நாளில் 52 சதவீதம், அவர் காலத்து லீக் 48, 49. ராபர்ட்சன் 48.5 சதவீதம், அவர் காலத்து லீக் 43, 44. அசிஸ்ட்டில் மேஜிக்கின் 11.2 சராசரி இன்றுவரை யாரும் தொடாதது, அதுவும் தாராளமாக எழுதிய காலம். ராபர்ட்சன் தன் முதல் ஐந்து சீசன்களையும் சேர்த்தே டிரிபிள் டபுள் சராசரி வைத்திருந்தார், கஞ்சத்தனமாக எழுதிய காலம். முப்பது வயதைத் தாண்டிய பிறகு கரீம் பக்கத்தில் நின்றதுமே கோப்பை வந்தது. 25 வயதில் நின்றிருந்தால்? இது ஊகம்தான், தெரியும். ராபர்ட்சனின் கடைசி ஆட்டம், 1974 ஃபைனல்ஸ் ஏழாவது, 13 எறிந்து 2 உள்ளே போனது என்பதும் தெரியும். 35 வயது.

ஆக ராபர்ட்சன் முதல், மயிரிழையில் மேஜிக் இரண்டாவது.

மூன்றாவது ஸ்டெஃபன் கரி. இவரைப் பாயின்ட் கார்ட் வரிசையில் சேர்ப்பதா என்றே ஒரு சண்டை உண்டு. 2015-16-ல் கோல்டன் ஸ்டேட் அணியில் அதிக அசிஸ்ட் எடுத்தது கரி இல்லை, டிரேமண்ட் கிரீன். இதை நான் கில்கிறிஸ்ட் கேள்வி என்று சொல்வேன். கில்கிறிஸ்ட்டுக்கு முன்னால் விக்கெட் கீப்பர் என்றால் கீப்பிங் தெரிந்தவர், பேட்டிங் வந்தால் லாபம். அவருக்குப் பிறகு பேட்டிங் தெரியாத கீப்பரை யாரும் எடுப்பதில்லை. கரி அப்படித்தான் பதவியின் வேலைப் பட்டியலையே மாற்றினார். ஒரு சீசனில் அதிக மூன்று புள்ளி ஷாட் என்ற சாதனை 2012-13-ல் அவரே வைத்த 272, பிறகு அவரே 286, 2015-16-ல் 402. சாதனையை ஒருவர் ஐந்து பத்து கூட்டி உடைப்பார், நூற்றுக்கு மேல் கூட்டி உடைப்பதை எங்கே பார்த்திருக்கிறோம்? 45.4 சதவீதம் உள்ளே போனது. ஷாட் ஒன்றுக்கு 1.36 புள்ளி. கூடைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு புள்ளிக்கு எறிகிறவர் 68 சதவீதம் போட்டால்தான் இது வரும். அதனால் கரியை நடுக்கோடு தாண்டியதுமே இரண்டு பேர் தடுக்க வர வேண்டியிருக்கிறது, பின்னால் நான்கு பேருக்கு மூன்று பேர்தான் மிச்சம். அவர் கொடுக்காத பாஸிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது, அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை. அவர் லீக்குக்கு வந்த 2009-10-ல் ஒரு அணி ஆட்டத்துக்கு 18 மூன்று புள்ளி ஷாட் எறிந்தது, 2023-24-ல் 35.

நான்காவது ஸ்டாக்டன். 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல், இரண்டிலும் முதலிடம். அசிஸ்ட்டில் இரண்டாவதாக இருக்கும் கிறிஸ் பாலுக்கும் அவருக்கும் மூவாயிரத்துக்கு மேல் இடைவெளி. வெறுமனே ரொம்ப நாள் ஆடியதால் வந்த எண் என்பார்கள். 19 சீசனில் 22 ஆட்டம்தான் தவறவிட்டார், அதில் 18 நான் மேலே சொன்னவை. தினமும் வேலைக்கு வருவதும் ஒரு திறமை. ஐந்தாவது ஐசயா தாமஸ். 1988 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டே மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 25 புள்ளி எடுத்தவர், அந்த ஆட்டத்தை ஒரே புள்ளியில் தோற்று, அடுத்த இரண்டு வருஷமும் கோப்பையோடு வந்தவர். இவரும் சங்கத் தலைவராக இருந்தவர், கிறிஸ் பாலும் அப்படியே. பாயின்ட் கார்டுகளுக்கு இது ஒரு வியாதி போல.

அதற்குக் கீழே கிறிஸ் பால், நாஷ், கூசி, கிட் என்று எந்த வரிசையில் போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். பத்தாவதாக நியூயார்க்கின் வால்ட் ஃபிரேசியரை வைக்கிறேன், கொஞ்சம் மனக்குறையோடு. 1970 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம் என்றாலே வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டு களத்துக்குள் வந்த காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ரீட் அன்று எடுத்தது 4 புள்ளி. ஃபிரேசியர் 36 புள்ளி, 19 அசிஸ்ட். பந்தைப் பறிப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு இணை இல்லை என்பார்கள். ஸ்டீல் எண்ண ஆரம்பிக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது, அன்று எத்தனை பறித்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது.